மனசு வைத்தால் விட்டுவிடலாமா?

சந்திப்புக் கடைக்காரன்

வணக்கம். இது பாதி வீட்டு விஷயம், பாதி பொது விஷயம். எங்கே கேட்பது என்று தெரியாமல் இங்கே போடுகிறேன்.

என் தங்கச்சி மாப்பிள்ளைக்குத் திருநெல்வேலி பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. வேலையில் நூல் பிசகாது. ஆனால் பத்து வருடமாகக் குடி. போன மாதம் ஒரு மறுவாழ்வு மையத்தில் 28 நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறார். கூட்டி வரப் போன அன்றைக்கு அங்கிருந்த ஆலோசகர் தங்கச்சியிடம், “இது ஒரு நோய்மா, அவரைத் திட்டாதீங்க” என்றார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா ஆரம்பித்துவிட்டார். “நோயாம்லா நோய்! காய்ச்சல்காரன் காசு குடுத்தா காய்ச்சலை வாங்குதான்? மனசு வச்சா விட்டுரலாம்.” மாப்பிள்ளை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்றும் பேசவில்லை.

இதில் எனக்கு ஒரு குழப்பம். நோய் என்று சொன்ன அதே மையத்தின் வாசலில் பெரிய எழுத்தில் “உங்களால் முடியும்” என்று பலகை வைத்திருக்கிறார்கள். நோய் என்றால் அவரால் எப்படி முடியும்? அவரால் முடியும் என்றால் அது எப்படி நோய்?

அவர் குடிப்பது அவர் எடுக்கிற முடிவா, இல்லை அவருக்கு நடக்கிற ஒன்றா? படித்தவர்கள் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று தெரிந்தால் நான் அவரிடம் கோபப்படலாமா கூடாதா என்றாவது முடிவு செய்துகொள்வேன்.

தச்சநல்லூர் ஜாதகம்

ஜாதகம் பார்த்தீர்களா அண்ணாச்சி? சும்மா விளையாட்டுக்குக் கேட்டேன், அடிக்க வராதீர்கள்.

ஆனால் ஒன்று. எங்கப்பா ஜாதகம் பார்க்கிறவர். சின்ன வயசிலிருந்து திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். கடன் ஏறினால் சனி, கல்யாணம் தள்ளிப்போனால் செவ்வாய் என்பார்கள். பையன் பாஸானால் மட்டும் “ராப்பகலாப் படிச்சான் சாமி” என்பார்கள். “இவன் படிப்பில் ஒன்றும் இல்லை, எல்லாம் குரு பார்வை” என்று சொன்ன ஒரு தகப்பனை இதுவரை நான் பார்த்ததில்லை.

பாளை உளவியல் வாத்தியார்

அண்ணாச்சி, உங்கள் அம்மாவுக்கும் அந்த ஆலோசகருக்கும் நடந்த சண்டை உளவியலில் நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. அவர்கள் ஆட்டோவில் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு கட்சி நியதிவாதம். நடக்கிற எதற்கும் முன்னால் ஒரு காரணம் உண்டு, மனிதன் செய்கிற செயலும் அதற்கு விலக்கில்லை என்பது. ஃபிராய்டு வாய் தவறி வரும் சொல்லுக்குக்கூட உள்ளே ஒரு காரணம் உண்டு என்றார். அமெரிக்காவில் வாட்சன் 1913இல் தொடங்கி வைத்த நடத்தைவாதம், மனசை விடு, வெளியே என்ன தூண்டியது, என்ன பலன் கிடைத்தது என்று பார் என்றது. அந்த வழியில் வந்த ஸ்கின்னர் 1971இல் ஒரு புத்தகமே போட்டு, சுதந்திரம், சுயகௌரவம் என்ற பேச்சையே மூட்டை கட்டி வைக்கச் சொன்னார். குடித்தால் கை நடுக்கம் நிற்கிறது, கவலை அரை மணி நேரம் விலகுகிறது; பலன் கிடைத்த செயல் திரும்ப வரும். அவர் கணக்கில் உங்கள் மாப்பிள்ளையின் பத்து வருடம் இவ்வளவுதான்.

எதிர்க் கட்சியில் கார்ல் ராஜர்ஸ், மாஸ்லோ போன்றவர்கள். மனிதன் தள்ளிவிட்ட பக்கம் உருளும் கல் இல்லை, தன்னைத் தானே திருப்பிக்கொள்ளக் கூடியவன் என்றார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர் வில்லியம் ஜேம்ஸ். 28 வயதில் மனம் உடைந்து கிடந்தவர். எல்லாமே முன்கூட்டித் தீர்மானமானது என்றால் நான் எழுந்து நடந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் அவரைப் பிடித்து ஆட்டியது. 1870 ஏப்ரல் 30 அன்று நாட்குறிப்பில், சுதந்திர விருப்பம், அதாவது நானே முடிவெடுக்கும் சக்தி, உண்டு என்று நம்புவதுதான் என் முதல் சுதந்திரச் செயல் என்ற பொருளில் எழுதி வைத்தார். நிரூபித்துவிட்டு நம்பவில்லை. நம்பிவிட்டு நடக்க ஆரம்பித்தார். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பின் பெஞ்சில் ஒருத்தன் நிமிர்ந்து உட்காருவான்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். போதை விஷயத்தில் நான் அடிக்கடி சொல்கிற ஆய்வு ஒன்று உண்டு. வியட்நாமில் சண்டைக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களில் ஏகப்பட்ட பேர் ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டார்கள். 1971இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் பின்தொடர்ந்து பார்த்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், திரும்பி வந்த முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஹெராயினைத் தொட்டவன் மீளவே முடியாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆள் அதே ஆள், மூளை அதே மூளை. காடு, துப்பாக்கி, பயம், கூட இருந்த கூட்டாளிகள், கைக்கு எட்டுகிற விலை, இவைதான் மாறின.

ஆக, எங்கே இருக்கிறார் என்பதும் மனசின் ஒரு பகுதிதான். உங்கள் மாப்பிள்ளை 28 நாள் குடிக்காமல் இருந்தது மையத்தின் நான்கு சுவருக்குள். இப்போது திரும்பி வந்திருப்பது அதே பட்டறைக்கு, அதே பஸ்ஸுக்கு.

வீரவநல்லூர் விவசாயி

வாத்தியார் கோபித்துக்கொள்ளக் கூடாது. இதெல்லாம் சாக்கு.

எங்க அண்ணன் குடித்த குடி ஊருக்கே தெரியும். மகள் சடங்கு அன்றைக்குப் பந்தலில், தாய்மாமன் சீர் வந்து நிற்கும்போது, எல்லோர் முன்னாலும் தடுமாறி விழுந்தார். மறுநாள் காலையில் இருந்து தொடவில்லை. 14 வருடம் ஆச்சு. ஊர் மாறவில்லை, வீடு மாறவில்லை, கூட்டாளியும் மாறவில்லை. ஒயின்ஷாப் இன்னும் எங்கள் வீட்டுக்குக் கிட்டேதான் இருக்கிறது. எந்தச் சிப்பாய்க் கதையை வைத்து இதை விளக்குவீர்கள்? மனசு வைத்தார், விட்டார். அவ்வளவுதான்.

பாளை உளவியல் வாத்தியார்

கோபம் ஒன்றும் இல்லை. உங்கள் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆனால் இரண்டு கேள்வி. விட்டவர் நம் கண்ணில் படுகிறார். அதே மாதிரி விழுந்து, அதே மாதிரி அழுது, கோயிலில் கயிறும் கட்டிக்கொண்டு, பத்து நாளில் திரும்பப் போனவர்கள் உங்கள் தெருவிலேயே எத்தனை பேர்? அவர்கள் மனசு வைக்கவில்லை என்று நமக்கு எப்படித் தெரியும்? திரும்பப் போனார்கள் என்பதை வைத்துத்தானே சொல்கிறோம்? விட்டால் மனசு வைத்தான், விடாவிட்டால் வைக்கவில்லை என்றால், அது விளக்கம் ஆகாது. நடந்ததையே வேறு வார்த்தையில் சொல்வதுதான்.

இரண்டாவது, மகள் முன்னால் விழுந்த வெட்கம் இருக்கிறதே, அதுவும் ஒரு காரணம்தானே? அந்தச் சடங்கு நடக்காமல் போயிருந்தால்?

வீரவநல்லூர் விவசாயி

காரணம்தான். இல்லை என்று நான் சொன்னேனா? ஆனால் வெட்கப்பட்டது யார் சார்? பந்தலில் இருநூறு பேர் இருந்தார்கள். அவரோடு சேர்ந்து குடித்து வந்த சித்தப்பாவும் அங்கேதான் கிடந்தார், அவருக்கு வெட்கம் வரவில்லையே! காரணம் அண்ணனுக்குள்ளே இருந்து வந்தது. அப்போது அது அண்ணன்தானே?

பாளை உளவியல் வாத்தியார்

இந்த ஒரு வரியைச் சொல்லத் தத்துவக்காரர்கள் முந்நூறு பக்கம் எழுதுவார்கள். இணக்கவாதம் என்று இதற்குப் பேர். காரணம் இருப்பதால் சுதந்திரம் போய்விடாது. அந்தக் காரணம் என் வழியாக, என் விருப்பம் வழியாக, என் வெட்கம் வழியாக வேலை செய்தால் அந்தச் செயல் என்னுடையது. யாராவது கழுத்தில் கத்தி வைத்துச் செய்ய வைத்தால் என்னுடையது ஆகாது.

வில்லியம் ஜேம்ஸ் 1884இல் இந்தக் கட்சிக்கு ‘மென்மையான நியதிவாதம்’ என்று பேர் வைத்துவிட்டு, நழுவுகிறவர்கள் போய்ப் பதுங்கும் சகதி என்று திட்டவும் செய்தார். எனக்கும் அந்தச் சகதியில் முழங்கால் வரை உண்டு.

தச்சநல்லூர் ஜாதகம்

சித்தப்பாவுக்கு ஏன் வெட்கம் வரவில்லை என்பதையும் கொஞ்சம் கேளுங்கள். வெட்கம் வருகிற மனசை அண்ணன் கடையில் வாங்கினாரா? அது அமைவது. அவருக்கு அமைந்தது, இவருக்கு அமையவில்லை. எங்கப்பா பிழைப்பு இந்த ஒரு சொல்லில்தான் ஓடுகிறது.

முக்கூடல் நர்ஸ்

தத்துவம் அப்புறம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது இன்றைக்கு ராத்திரியே மனசு வைத்துவிடக் கூடாது.

வருடக் கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் உடம்பு நடுங்கி, வியர்த்து, ஆள் தெரியாமல் உளறி, சுவரில் இல்லாத பூச்சி ஊர்கிற மாதிரி தெரியலாம். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, வைட்டமின் பி1 ஊசி போட்டு, பார்த்துப் பார்த்துத்தான் இறக்குவோம். வீரவநல்லூர் அண்ணாச்சியின் அண்ணனுக்கு ஒன்றும் ஆகாமல் போனது பெரிய விஷயம். எல்லோருக்கும் அப்படி அமையாது.

இப்போது தத்துவம். எங்கம்மா பீடி சுற்றுகிறவள். சுளவை, அதான் முறத்தை, மடியில் வைத்துக்கொண்டு, கண் டிவி சீரியலில் இருக்கும். கை தானாக இலையை எடுக்கும், தூளை வைக்கும், உருட்டும், முனையை மடக்கும், நூலைச் சுற்றும். ஒரு நாளைக்கு ஆயிரம். எந்தப் பீடியைச் சுற்ற வேண்டும் என்று அவள் ‘முடிவு’ செய்தாள்? ஒன்றைக்கூட இல்லை. ஆனால் காலையில் சுளவை எடுத்து மடியில் வைப்பது இருக்கிறதே, அது முடிவு. இடுப்பு வலிக்கிற நாளில் கொஞ்ச நேரம் சுளவைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். நான் பார்த்திருக்கிறேன்.

ஆயிரம் பீடியில் அவள் சுதந்திரத்தைத் தேடினால் கிடைக்காது. அந்த ஒரு நிமிஷத்தில் தேடலாம்.

இன்னொன்று. பார்க்கின்சன் நடுக்கத்துக்குப் பிரமிபெக்சோல் மாதிரி சில மாத்திரைகள் உண்டு. மூளையில் இருக்கிற டோபமைன் என்ற ரசாயனத்தைப் போல வேலை செய்கிறவை. அதைச் சாப்பிடும் சிலருக்கு, வாழ்நாளில் சீட்டைத் தொடாதவருக்குக்கூட, சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குவது என்று பிடித்துக்கொள்ளும். மாத்திரையைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அதனால்தான் கூட வருகிறவர்களிடம் “புதுசா ஏதாவது பழக்கம் உண்டா” என்று கேட்கச் சொல்லுவார்கள். இதைப் பார்த்த பிறகு “அவனுக்குப் புத்தி எங்கே போச்சு” என்று யாரையும் சட்டென்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

அம்பை டீச்சர்

பணி ஓய்வு பெற்றவள், மெதுவாகத்தான் தட்டச்சு செய்வேன்.

முப்பது வருடம் திருக்குறள் நடத்தினேன். ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கும்: “ஊழிற் பெருவலி யாவுள”, விதியைவிட வலியது எது, என்று 380இல் சொன்னவரே 620இல் “ஊழையும் உப்பக்கம் காண்பர்”, விதியையும் தோற்கடிப்பர், என்கிறாரே, எது சரி டீச்சர்? நான் சொல்லும் பதில், முதலாவது நடந்து முடிந்ததைப் பார்த்துச் சொன்னது, இரண்டாவது இனி செய்யப் போவதைப் பார்த்துச் சொன்னது. பரீட்சைக்கு இந்தப் பதில் போதும். எனக்கே முழுசாகத் திருப்தி கிடையாது.

தம்பி சந்திப்புக் கடைக்காரருக்கு ஒன்று. உங்கள் அம்மாவை விட்டுவிடுங்கள், பெற்றவள் மனசு. மாப்பிள்ளையிடம் கொடுத்த வாக்கை நீங்கள் காப்பாற்றுகிறீர்களா என்று மட்டும் பாருங்கள். வீட்டில் யாரும் யாரையும் நம்பாத இடத்தில் பிள்ளைகளுக்குப் பொறுமை வராது என்பதை வகுப்பில் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரியவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று படுகிறது.

தச்சநல்லூர் ஜாதகம்

டீச்சர், 371ஐ விட்டுவிட்டீர்களே! “ஆகூழால் தோன்றும் அசைவின்மை கைப்பொருள் போகூழால் தோன்றும் மடி.” முயற்சி வருவதும் ஊழால், சோம்பல் வருவதும் ஊழால் என்கிறார். ஊழைப் புறமுதுகு காட்ட வைக்கிற அந்த முயற்சியே ஊழ் போட்ட பிச்சை என்றால் 620 என்ன ஆகும்? நான் சித்தப்பாவைப் பற்றிக் கேட்டதும் இதைத்தான்.

அம்பை டீச்சர்

அடப் பாவி, நீ என் வகுப்பில் இருந்திருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன். நல்ல கேள்வி. யோசித்துச் சொல்கிறேன்.

பாளை உளவியல் வாத்தியார்

டீச்சர் பொறுமை என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் செய்த மிட்டாய்ச் சோதனை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சின்னப் பிள்ளை முன்னால் ஒரு மிட்டாயை வைப்பார்கள். இப்போதே தின்னலாம், நான் திரும்பி வரும் வரை பொறுத்தால் இரண்டு. பொறுத்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்று வந்ததும் உலகம் முழுக்க ‘மன உறுதி’ப் பிரசங்கம் ஆரம்பமாகிவிட்டது. நம் ஊர் என்றால் இலையில் சூடாக அல்வாவை வைத்துச் செய்திருக்கலாம். ஒரு பிள்ளையும் தேறாது.

2018இல் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தகவலை வைத்து வேறு ஆய்வாளர்கள் திரும்பப் பார்த்தார்கள். வீட்டுச் சூழலையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டது. எனக்குப் பிடித்தது 2013இல் வந்த இன்னொன்று. சோதனைக்கு முன்பே பாதிப் பிள்ளைகளிடம், நல்ல கலர் பென்சில் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொண்டு வராமல் ஏமாற்றினார்கள். மீதிப் பாதிக்குச் சொன்னபடி கொண்டு வந்தார்கள். அப்புறம் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிஷம் பொறுத்தன. ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிஷம்தான்.

ஒருமுறை அல்வா வாங்கிய பிள்ளை இரண்டாவது அல்வாவுக்கு எதற்குக் காத்திருக்கும்? அதன் மன உறுதியில் ஒரு குறையும் இல்லை. கணக்குச் சரியாகப் போடுகிறது.

கோர்ட் வாசல்

வக்கீல் பார்வையில் கொஞ்சம்.

சட்டம் நீங்கள் பேசுகிற அளவுக்கு ஆழமாகப் போவதில்லை. மனிதன் பொதுவாகத் தன் செயலுக்குப் பொறுப்பானவன் என்று எடுத்துக்கொண்டு விதிவிலக்கு மட்டும் எழுதி வைத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் 22ஆவது பிரிவு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84. சித்த சுவாதீனம் இல்லாததால் தான் செய்வது என்ன, அது தவறா என்பதை அறிய முடியாதவர் செய்தது குற்றமாகாது.

குடிக்குத் தனிப் பிரிவு, 23, பழைய 85. போதையில் இருந்தேன், ஒன்றும் தெரியவில்லை என்பது விதிவிலக்காக வேண்டுமானால், அந்தப் போதையை அவருக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ ஏற்றியிருக்க வேண்டும். தானாகப் போய்க் குடித்தவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. யோசித்துப் பாருங்கள்: அரிவாளை ஓங்கும் நேரத்தில் அவருக்குச் சுயபுத்தி இல்லை என்பது சட்டத்துக்கும் தெரியும். அது பிடிப்பது அந்த ஆளை இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு, நிதானமாக, சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு கடைக்கு நடந்த ஆளை.

வீரவநல்லூர் விவசாயி

இதுதான் நான் சொல்வது. வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு வரப்பில் நின்று கையால் மறிக்க முடியாது. மடையை முன்னாலேயே அடைக்க வேண்டும்.

தச்சநல்லூர் ஜாதகம்

மடை அடைக்கிறவர் அன்றைக்கு வருவாரா என்பது யார் கையில் அண்ணாச்சி?

வீரவநல்லூர் விவசாயி

உன்னை வெளியே நிறுத்த டீச்சருக்கு நானும் துணைக்கு வருகிறேன்.

மூன்றாம் வருடப் பொறியியல்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தேன். நாம் முடிவு எடுப்பதற்கு முன்பே மூளை முடிவு எடுத்துவிடுகிறது, கருவியில் பார்த்துவிட்டார்கள், அதனால் சுதந்திர விருப்பம் பொய் என்று நிரூபணமாகிவிட்டது என்றார்கள். அப்படியானால் இந்த இழைக்கே வேலை இல்லையே?

பாளை உளவியல் வாத்தியார்

லிபெட் சோதனையைச் சொல்கிறீர்கள். நிரூபணம் என்ற சொல்லைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்.

தானாகக் கையை அசைக்கும் முன் மூளையில் ஒரு மின் அலை மெதுவாக ஏறுவதை ஜெர்மனியில் கோர்ன்ஹூபரும் டேக்கேயும் 1960களிலேயே கண்டுபிடித்தார்கள். 1983இல் பெஞ்சமின் லிபெட் இன்னொன்றைச் சேர்த்தார். சுற்றும் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இரு, கையை அசைக்க வேண்டும் என்று எப்போது தோன்றியதோ அப்போது புள்ளி எங்கே இருந்தது என்று சொல் என்றார். அலை தொடங்கியது அசைவுக்கு அரை விநாடிக்கும் சற்று முன்னால். ‘அசைக்கணும்’ என்று தோன்றியதாக அவர்கள் சொன்னது அசைவுக்குச் சுமார் 200 மில்லி விநாடி முன்னால். ஆக, நமக்குத் தெரியும் முன்பே மூளை கிளம்பிவிட்டது என்று உலகமே கூவியது. ஆனால் லிபெட்டே அந்தப் பக்கம் முழுசாகப் போகவில்லை. தோன்றிய பிறகும் ‘வேண்டாம்’ என்று நிறுத்த ஒரு சின்ன இடைவெளி உண்டு என்றார்.

2012இல் ஆரோன் ஷர்கர் குழுவினர் வேறு மாதிரிப் படித்தார்கள். மூளையில் எப்போதும் ஏற்ற இறக்கமாக ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் கையை அசை என்றால், அந்த இரைச்சல் தற்செயலாக ஓர் அளவைத் தாண்டும்போது அசைவு நடக்கும். நடந்த பிறகு பின்னோக்கி எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால், முன்பே ஏதோ திட்டமிட்டு ஏறிய அலை மாதிரித் தெரியும். முன்பே எடுத்த ‘முடிவு’ என்று அதற்குப் பேர் வைக்கத் தேவையில்லை. விவாதம் இன்னும் நடக்கிறது.

என் சொந்த எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். காரணமே இல்லாமல் விரலை அசைப்பதை வைத்து ஒரு மனிதன் குடியை விடுவதைப் பற்றிப் பேசுவது, நர்ஸம்மா சொன்ன ஆயிரம் பீடியில் ஒன்றை எடுத்து ஆராய்வது மாதிரி. சுளவை எடுக்கலாமா என்று நிற்கிற நிமிஷத்தை அந்தக் கருவி பார்க்கவே இல்லை.

அம்பை டீச்சர்

ஒரு பயம். இதெல்லாம் பிள்ளைகள் காதில் விழுந்தால், எல்லாம் மூளை செய்கிற வேலை, என் பொறுப்பு ஒன்றும் இல்லை என்று கிளம்பிவிட மாட்டார்களா?

பாளை உளவியல் வாத்தியார்

2008இல் வோஸ், ஸ்கூலர் என்ற இருவர் அப்படித்தான் சொன்னார்கள். சுதந்திர விருப்பம் இல்லை என்று எழுதியதைப் படிக்க வைத்தவர்கள் அதிகமாக ஏமாற்றினார்கள் என்று. பின்னால் மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அது உறுதிப்படவில்லை. காப்பி அடிக்கிற பையன் தத்துவம் படித்துவிட்டுத்தான் அடிக்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை டீச்சர்.

சந்திப்புக் கடைக்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் படித்தேன், சிலதை இரண்டு தடவை.

நடந்ததைச் சொல்கிறேன். 23 நாள் தாக்குப் பிடித்தார். எங்கள் பக்கத்து அம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு முடிந்து, நடு ராத்திரியில் பழைய கூட்டாளிகளோடு போய்விட்டார். மறுநாள் அம்மா “பாத்தியா” என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். தங்கச்சி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது ஒரு சொந்தக்காரர் ஒரு மாத்திரையைச் சொல்லி, இதைக் குழம்பில் கலந்து கொடு, குடித்தால் வாந்தி எடுப்பான், தானாக விட்டுவிடுவான் என்கிறார். செய்யலாமா?

முக்கூடல் நர்ஸ்

செய்யவே செய்யாதீர்கள் அண்ணாச்சி. அது டைசல்ஃபிரமாக இருக்கும். சாராயம் உடம்பில் உடையும்போது நடுவில் அசிடால்டிஹைடு என்று ஒரு நச்சு உண்டாகும். சாதாரணமாக உடனே அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். இந்த மாத்திரை அதை அங்கேயே தேக்கி வைக்கிறது. அதற்கு மேல் சாராயம் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்து. தெரியாமல் கொடுத்தால் அவர் தெரியாமல் குடிப்பார். இப்படி வந்த கேஸ்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

டாக்டர் பரிசோதித்து, அவருக்கு எல்லாம் விளக்கி, அவரே சம்மதித்து, காலையில் மனைவி முன்னால் போட்டுக்கொள்வது வேறு. அதன் வேகம் உடம்பில் இரண்டு வாரம்வரை இருக்கும்.

பாளை உளவியல் வாத்தியார்

ஒரே மாத்திரைதான், பாருங்கள். குழம்பில் கலந்தால் அவரைப் பொறியில் சிக்கிய எலியாக்குகிறீர்கள். அவரே எடுத்துப் போட்டுக்கொண்டால், காலை எட்டு மணி ஆள் சாயங்காலம் ஆறு மணி ஆளின் கையைக் கட்டிவிட்டுப் போகிறார். ஆறு மணி ஆளுக்குச் சுதந்திரம் உண்டா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். எட்டு மணி ஆள் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு.

சந்திப்புக் கடைக்காரன்

இதற்குக் கீழே இருப்பது மாப்பிள்ளை எழுதியது. கடைக்கு வந்திருந்தார். இழையைக் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு, நானும் எழுதட்டுமா என்றார். என் கணக்கிலேயே எழுதச் சொல்லிவிட்டேன்.

நான்தான் அந்த மாப்பிள்ளை. எல்லோருக்கும் வணக்கம். இத்தனை பேர் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள், கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

நோயா முடிவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஐந்து மணிக்கு மெஷினை நிறுத்தும்போது, இன்றைக்கு வேண்டாம் என்று நான் நினைப்பது நிஜம். பொய் இல்லை. சந்திப்பில் பஸ் மாறும்போது கால் தானாகத் திரும்புவதும் நிஜம். அந்த நேரத்தில் நான் என்னோடு சண்டை போட்டுத் தோற்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். சண்டையே நடக்காது சார். அதுதான் விஷயம்.

கொடை அன்றைக்கு ஏன் குடித்தாய் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். அதற்கு முந்தின 23 நாள் ஏன் குடிக்கவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதில் எட்டு நாள் பட்டறையில் ஓவர்டைம். நான்கு நாள் மகளை டியூஷனில் இருந்து கூட்டி வர வேண்டியிருந்தது. இரண்டு நாள் மழை. மீதி ஒன்பது நாள் எதனால் என்று எனக்கே தெரியவில்லை. அந்த ஒன்பது நாளைத்தான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரிடம் போய் வந்தேன். ரத்தப் பரிசோதனை முடிந்ததும் மாத்திரை தருவதாகச் சொன்னார்.

ஒரு உதவி. பேட்டையில் இருந்து பாளை வர, சந்திப்பில் இறங்காமல், டவுனில் இருந்து மேலப்பாளையம் சுற்றி ஆறு மணிக்கு மேல் பஸ் உண்டா? நேரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தச்சநல்லூர் ஜாதகம்

அண்ணே, சரியான நேரம் தெரியாது, நாளைக்கு டவுனில் கேட்டுச் சொல்கிறேன். சாயங்காலம் பைக்கில் அந்தப் பக்கமாகத்தான் நானும் பாளைக்குப் போகிறேன், வாரத்தில் நான்கு நாள். பேட்டையில் எங்கே நிற்பீர்கள்?